திமிங்கலத்தின் பெயர்ப்பலகை

வெளிநாட்டில், இந்தப் பழைய பல்கலைக்கழக நகரத்தின் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் எங்கள் ஊர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்போம். காணும் பொங்கலுக்கு நைனா என்னை அங்கே கூட்டிப்போவார். அவருக்கு எழுத்து தெரியாது.

திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால், “எம் பொண்ணு படிக்கும், கேளுங்கோ” என்று கூட்டத்தையே நிறுத்தினார். பலகையில் இருந்ததோ ஆங்கிலம். இரண்டாம் வகுப்பிலிருந்த நான், “இது ராஜா வளர்த்த மீன்” என்று அடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறீங்கோ? அட்த்த வருசம் கரீக்டா படிக்கும்” என்றார் நைனா. அந்தப் பலகையை முழுதாகப் படிக்கும்வரை வருடம் தவறாமல் கூட்டிப்போனார்.

இன்று வீடியோ காலில் அவருக்கு இங்குள்ள ஒரு பலகையைக் காட்டினேன்.

“இன்னா எழுதிகீது?”

படித்துக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு லத்தீன் சொல்.

“இது தெரியலை நைனா.”

“பரவால்ல. அட்த்த வருசம் என்னையும் இட்டுகினு போய்ப் படி.”