அப்பாவுக்குச் செய்த வெள்ளிக்கிழமைச் சவரம்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது பிறப்பு, படிப்பு, வேலை, நற்குணங்கள் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கான பொறுமை எனக்குக் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா திருவல்லிக்கேணியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, கட்டட வரைபடம் வரையக் கற்றார். எங்கள் இருவரையும் படிக்க வைத்து, அடையாறில் இந்த வீட்டையும் வாங்கினார். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். சவரம் செய்யாத முகத்தோடு யார் முன்னாலும் நிற்காதவர். இந்தக் கடைசிக் குணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உறவில் சிலர் அதை வேறு விதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்தது, பேச்சும் குழறியது. நாலு பேரோடு பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும் என்றார் மருத்துவர். அப்பாவோ யாரையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். மாலையில் நடைப்பயிற்சி நண்பர்கள் வந்தால், இடது கையால் தாடியைத் தடவிக் காட்டி, அறைக் கதவைச் சாத்தச் சொல்வார். சலூன்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி வாங்கி வந்த மின்சார ரேசரைத் தள்ளிவிட்டார். அவருக்கு வேண்டியது அவருடைய மடக்குக் கத்தி, அவ்வளவுதான். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே செய்கிறேன் என்று கத்தியை எடுத்தேன்.

சவரத்துக்கு முன் அதைத் தோல் வாரில் தீட்ட வேண்டும். வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை விறைப்பாகப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர இழுக்க வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப வேண்டும். எனக்கிருந்த அவசரத்தில் முதல் நாளே கூர்ப்பக்கமாகப் புரட்டினேன். வாரில் இரண்டங்குலத்துக்கு வெட்டு. கட்டிலில் இருந்து பார்த்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அழுத்தித் தேய்த்ததில் இருந்த கூரும் போயிற்று. மயிலாப்பூரில் கல்லில் தீட்டித் தருபவரைத் தேடிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். முன்கை முடியில் சோதித்துச் சோதித்து அங்கங்கே வழுக்கை விழுந்தது. தோல் வியாதியா என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

என்னைத் திருத்தியது அந்தக் கத்தியை ஒருநாளும் தொட்டறியாத அம்மா. நாற்பது வருடம் சமையலறையில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டவர். "உங்கப்பா இழுத்தா இப்படிக் கரகரன்னு கேக்காதுடி. இன்னா அவசரம் உனக்கு? கைய லேசா விடு" என்று அங்கிருந்து குரல் வரும். பத்து நாள் கழித்து, ஒரு காலையில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கத்தி பட்டதும் முன்கை முடி உதிர்ந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டு ஆண்கள் முகத்தில் கத்தி வைத்ததில்லை. அப்பா வியாழன் இருட்டுவதற்குள் சவரத்தை முடித்துவிடுவார். நாளைக்குச் செய்கிறேன்பா என்று கத்தியை மடித்தேன். அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முகவாயை நிமிர்த்திக் காட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாமி படங்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பண்ணிடு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

இரண்டு இடத்தில் கீறினேன், படிகாரம் தடவினேன். கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தைத் தடவிக்கொண்ட அப்பா, கதவைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். அன்று மாலை நண்பர்கள் நான்கு பேரும் உள்ளே வந்தார்கள். பாலவாக்கத்து நண்பர், "இன்னா நைனா, மாப்ள கணக்கா கீற" என்றதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சனிக்கிழமையும் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, "காபி" என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார். ஞாயிறு காலை இரண்டாம் முறை பக்கவாதம் வந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முகத்தில் கத்தி வைத்தது யார் என்று துக்க வீட்டிலேயே ஒருவர் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த மலர் அவர் கையிலும் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அம்மா விளக்கேற்றிவிட்டு, உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறார். "நான் சொல்லாம இருந்திருந்தா இருந்திருப்பாரோ?" என்கிறார். ரத்தக்குழாய் அடைப்புக்குக் கிழமை தெரியாது என்று மருத்துவரை விட்டே சொல்ல வைத்தேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுபடி நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கதவு சாத்தியிருந்த நாட்களில் கோபிக்காமல் திரும்பிப் போய், மறுநாளும் வந்த நண்பர்களுக்கும், அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. நான் சொல்கிறேன். அப்பா கடைசி இரண்டு நாள் மனிதர்களோடு சிரித்துக்கொண்டிருந்தார் என்றால், அது நீ சொன்ன ஒரு வார்த்தையால். அந்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாலும் நான் கத்தியை எடுப்பேன். இந்த முறை உன்னைக் கேட்க மாட்டேன், அம்மா.