சரவணன் கொடுத்தனுப்பிய எண்

போனில் சரவணன் பெயர் வந்ததும் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன். "ஏன்டா சோம்பேறி, இப்பத்தான் விடிஞ்சுதா ஒனக்கு? பொண்டாட்டி தண்ணி ஊத்தி எழுப்புச்சா?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுமுனையில் இருந்தது அவன் அப்பா. "எழுப்பிப் பாத்தோம்ப்பா. எந்திரிக்கல" என்றார்.

அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்த் துப்புவது என்று இன்னும் தெரியவில்லை.

அவனைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் சரவணனே கேலி செய்வான், ஆகவே 'அவன்'தான். நான் இலுப்பூரில் மோட்டார் மெக்கானிக். பத்தாவதை இரண்டு முறை எழுதியவன், அந்த வகையில் மற்றவர்களைவிட அதிகம் படித்தவன். அவன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்பியவன். போர்வெல் மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் பெட்டியை இருவரும் சேர்ந்து செய்தோம். வயர் வேலை என்னுடையது. உள்ளே ஓடும் புரோகிராம் அவனுடையது, ரஸ்ட், அதாவது துரு, என்ற கணினி மொழியில் எழுதுவான். "துருன்னு பேரு வச்சா வெளங்குமாடா?" என்று கேட்டிருக்கிறேன்.

கொடும்பாளூர்ப் பக்கம் ஒருவர், தண்ணீர் குறைந்துவிட்டதென்று மோட்டார் ஓடும் நேரத்தைப் போனில் முப்பது நிமிடத்திலிருந்து பத்தாக மாற்றினார். மோட்டார் கேட்கவில்லை. முப்பதும் ஓடி, காற்றை இழுத்துக் கருகிவிட்டது. "பெட்டி மாட்டுனீங்களா, பாடை கட்டுனீங்களா?" என்று கத்தினார். நான் ரிலே சுவிட்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை வரப்பில் வைத்துப் பார்த்த சரவணன், "ஒங்க வயர்ல ஒண்ணுமில்லண்ணே. தப்பு என் எழுத்துல" என்றான்.

"சொன்னா எனக்குப் புரியுமா?"

"ஒங்களுக்குப் புரியலன்னா எனக்கே புரியலன்னு அர்த்தம்" என்று தொடங்கினான். "புரோகிராமுக்குள்ள ஒரு வேலையக் கட்டி, நேரம் வந்ததும் ஓடுன்னு தனியா அனுப்புவேன். குளோஷர்ம்பாங்க. கட்டும்போதே, சுத்தி இருக்குறதுல தனக்கு வேணுங்கிறத அது பிடிச்சுக்கும். சும்மா பாத்துக்கிறதுன்னா இரவல் போதும். ஆனா இது நான், அதாவது அத அனுப்புன பகுதி, முடிஞ்சு போன பெறகும் ஓடணும். முடிஞ்சு போனவன்கிட்ட இரவல் எப்படி நிக்கும்? அதான் கையோட எடுத்துட்டுப் போன்னு 'மூவ்' போட்டேன்."

"எடுத்துட்டுத்தானே போச்சு, பெறகென்ன?"

"நிமிசம் வெறும் எண்ணுண்ணே. எண்ணுன்னா நகல்தான் போகும். வேற பெரிய சாமானா இருந்தா, குடுத்தனுப்புன பெறகு நான் திரும்ப எடுக்கப் போனாலே, எழுத்தச் சரிபாக்குற கம்ப்பைலர் தப்புன்னு நிறுத்திப்புடும். எண்ணுக்கு நிறுத்தாது. நான் வெளிய பத்துன்னு மாத்துறேன், உள்ள போனது முப்பதையே வச்சிருக்கு."

"எம் மக மாதிரின்னு சொல்லு. கல்யாணத்தன்னிக்கு நான் சொன்னதையே பிடிச்சுக்கிட்டுத் திரியுறா. அப்புறம் மாத்திச் சொன்னது எதுவும் ஏறல."

சிரித்தவன், "இனிமே எண்ணக் குடுத்தனுப்பல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஓரிடத்துல வைக்கிறேன். நிறுத்துற நேரத்துல எட்டிப் பாத்துக்கட்டும்" என்றான். பிறகு அந்த விவசாயியிடம் தானே போய், "மோட்டார் போனது என்னாலதாங்க, நாங்களே காயில் கம்பி புதுசாச் சுத்தித் தாரோம்" என்றான். மனிதர் அதற்குமேல் திட்டவில்லை, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பழக்கம்தான்: கோளாறு என்றால் முதலில் என் கையைச் சந்தேகப்படுவது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மோட்டார்கள் சொன்ன நேரத்துக்கு நிற்கின்றன. நாளைக்கு ஒன்று நிற்காவிட்டால் கூப்பிட ஆளில்லை.

கருமாதி முடிந்து கிளம்பும்போது அவன் மனைவி தேன்மொழி, இடுப்பில் பிள்ளையோடு லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டியது. "அண்ணனுக்கு எல்லாம் வெளக்கியிருக்கேன்னு சொல்வாருண்ணே. நீங்க பாத்து நடத்திருவீங்கள்ல? எங்களுக்கு இத விட்டா வேற ஒண்ணுமில்ல."

"நடத்திருவோம்மா" என்று வாங்கிக்கொண்டேன்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோது மட்டும்தான் எனக்குப் புரிந்தது என்பதை தேன்மொழியிடம் சொல்லவில்லை.