தொப்பி போடாமல் வந்த பாப்பா

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குச் சொல்ல வராது. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்தவள், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட மந்திரிக்க விட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் ராத்திரியில் இல்லை, நல்ல மத்தியானத்தில்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோயம்புத்தூர் பீளமேட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருந்தார்கள். அண்ணன் மனைவி சாந்தாமணி அக்காவுக்கு இரண்டு பையன்கள், எனக்கு ஒரே பெண், சௌமியா, அப்போது நாலு வயது. காலையில் நான் ஸ்கூலுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன், அதுவரை அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்வார். சோறு ஊட்டுவது, தலை பின்னுவது, தூங்க வைப்பது எல்லாமே அக்கா. நான் வந்து செருப்பைக் கழற்றும்போது சௌமியா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டாள். கீழே விழுந்தால் "பெரிம்மா"தான். நான் ஆசையாகப் பொம்மை வாங்கிக்கொண்டு வந்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு அவரிடம் காட்ட ஓடுவாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் "பெரியம்மா புள்ள" என்று மெச்சுவார்கள், நான் கேட்காததுபோல உள்ளே போய்விடுவேன். அக்கா கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் அவ்வளவு நல்லவர், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே மாத லீவுக்கு எல்லோருமாக வால்பாறை போனோம். அக்காவின் தம்பி ரத்தினம் அங்கே ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் வேலையாக இருந்தான், அவனுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் தங்கல். கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏற ஏற சௌமியா என் மடியில் வாந்தி எடுத்தாள், எடுத்து முடித்ததும் அக்கா மடிக்கு நகர்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் தக்காளி சாதம் கட்டிக்கொண்டு, எஸ்டேட்டுக்கு மேலே இருந்த புல் மலைக்கு நடந்தோம். தேயிலை முடிந்ததும் கொஞ்ச தூரம் காடு, அதைத் தாண்டினால் புல்வெளி. வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஆண்கள் மூன்று பேரும் பையன்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் பின்னால் மெதுவாக வந்தோம். முந்தின நாள் பெய்த மழையில் அட்டை நிறைய இருந்தது. சௌமியாவின் கணுக்காலில் ஒன்று ஏறிவிட, அவள் கத்த, நான் உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம். பெரிம்மா எடுக்கட்டும்."

"அம்மா எடுத்தா என்ன சாமி, அம்மாளுக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ குடு கண்ணு, நான் வெச்சுடறேன். பயந்து கெடக்குறா."

நான் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு, "நீங்களே பாருங்க்கா" என்று சொல்லி விறுவிறுவென்று நடந்துவிட்டேன். கண்ணீர் முட்டியது, அதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது எண்ணம்.

அந்த நேரத்தில்தான் பனி இறங்கியது. மலையில் அது எப்படி வரும் என்று தெரியும் அல்லவா, இப்போது மரம் தெரியும், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளைதான். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். அப்போது என் இடது கையில் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது.

குனிந்து பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நன்றாகத்தான் பார்த்தேன். என் பிள்ளைதான், அதே உயரம், அதே நீலக் கவுன். தலையில் மட்டும் தொப்பி இல்லை. அக்கா பின்னி, காலையில் அவரே போட்டுவிட்ட கம்பளித் தொப்பி. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்திருக்கிறாள் என்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கும்.

"பெரியம்மா எங்கே?" என்றேன்.

"வேண்டாம். அம்மா மட்டும் போதும்."

அந்த வார்த்தையை என் மகள் அதற்கு முன்னால் சொன்னதில்லை. வலது பக்கம் ஏறுகிற பாதையை விட்டு இடது பக்கம் இறங்குகிறதில் அவள் இழுத்தாள், நானும் போனேன். எங்கே போகிறோம் என்று கேட்கவே தோன்றவில்லை. ஏதேதோ பேசிக்கொண்டே நடந்தோம், அவள் சிரித்தாள், நான் எது சொன்னாலும் என் முகத்தையே அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். கை ஜில்லென்று இருந்தது. குளிர் என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா!"

சௌமியாவின் குரல். எனக்குப் பின்னால், தூரத்தில்.

திரும்பினேன். பாதை பிரிந்த இடத்தில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் என் மகள், தலையில் கம்பளித் தொப்பி. என் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியபடியே இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. நான் பாதையில்கூட இல்லை, முழங்கால் உயரச் செடிக்குள் நின்றிருந்தேன். எப்படி மேலே ஏறி வந்தேன் என்று தெரியாது, முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தது.

சௌமியாவை வாங்கக் கை நீட்டினேன். அவள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

"அம்மா வேற பாப்பாவக் கூட்டிட்டுப் போறாங்க பெரிம்மா."

அக்கா என்னைப் பார்த்தார். "ஆரக் கண்ணு சொல்றா? நீ மட்டுந்தான போயிட்டிருந்தே?"

ஆண்கள் திரும்பி வந்ததும், யாரோ ஒரு குழந்தை பனியில் தனியாகப் போனது போல இருந்தது என்று மட்டும் சொன்னேன். ரத்தினம் பதறிப்போய் அந்தச் சரிவு முழுக்க இறங்கித் தேடினான், அப்புறம் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லாம் போய்க் கேட்டான். "ஒரு கொழந்தையும் காணாமப் போகலீங்க்கா. எல்லா ஊட்லயும் பாத்துப்போட்டுத்தான் வாரேன்," என்றான். மறுநாளே ஊர் திரும்பிவிட்டோம்.

அதற்கப்புறம் சௌமியா மாறிவிட்டாள். என் முந்தானையை விடவே மாட்டாள், ஸ்கூலுக்குக் கிளம்பினால் கேட் வரை அழுதுகொண்டு வருவாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவம், அக்காதான் அவளைத் தேடித் தேடி வந்து ஏமாந்து போவார்.

எல்லாம் பனியில் மனசு செய்த வேலை என்றுதான் எனக்கு நானே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். சௌமியாவின் கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று கேட்டார்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு மலையில எம்மேல அத்தன கோவமா உனக்கு?"

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"தொண்டத் தண்ணி வத்தக் கூப்புட்டமே. ஒவ்வொருக்காவும் நின்னு திரும்பிப் பாத்தே. பாப்பா கைய நீட்டிட்டு அழுகுறா, நீ அவளயே பாக்கறே. ஆரோ ஊட்டுப் புள்ளயப் பாக்கறாப்பல பாத்துப்போட்டு, மறுக்கா நடந்துட்டே. கடைசியாத்தான் நின்னே."

எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு கருகியதை நான் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது ஒரே ஒரு கூப்பாடு. நான் திரும்பியதும் ஒரே ஒரு முறை. அதற்கு முன்னால் திரும்பிப் பார்த்ததாகச் சத்தியமாக எனக்கு நினைவில்லை. அக்கா பொய் சொல்கிறவரும் இல்லை.

சௌமியாவிடம் கேட்டால், அந்த மலையே ஞாபகம் இல்லை என்கிறாள், இருக்கலாம், நாலு வயசுதானே. இப்போது அவளுக்கே ஒரு பெண் இருக்கிறது, அதற்கும் நாலு வயது ஆகப்போகிறது. அவர்கள் வீடு இருக்கும் சூலூரிலிருந்து வந்தால் அது நேராக என்னிடம் ஓடிவந்து என் இடது கையைப் பிடித்துக்கொள்ளும். சௌமியா பக்கத்தில் வந்து, குழந்தையின் விரல்களை என் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொள்வாள்.