நான் போகாத கூட்டங்கள்

வரி பாக்கி வைத்த ஒரு நிறுவனத்துக்கு நான் இயக்குநராம். அதைக் கட்டி முடிக்கும்வரை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாதாம். வரி அலுவலகத்துக் கடிதம் அப்படித்தான் சொன்னது. அடுத்த மாதம் மெல்பர்னில் என் மகளுக்குப் பிரசவம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

நிறுவனம் என் கொழுந்தனுடையது. கிள்ளானில் லோரிகள் வைத்து ஓட்டுகிறார். நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து, "சும்மா பேருக்குத்தான் அண்ணி, டீச்சர் பேர் இருந்தா பேங்க்ல ஒரு மரியாதை" என்றார். அதன்பின் வருடா வருடம் ஒரு கட்டுத் தாள் வரும். மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும் இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவேன். கேள்வியைப் படித்துவிட்டு எழுது என்று ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்தியவள் நான்!

கணக்கு எழுதும் வேலையைப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்திடம் விட்டிருந்தார். சேலைக் கடைக்கு மேல்மாடி. கோபத்தோடு படியேறினேன்.

"அவங்க குடுக்கிறத நாங்க கீ-இன் பண்ணுவோம், அவ்ளோதான் ஆன்டி. சரியான்னு பாக்குறது டைரக்டர் வேலை" என்றாள் அங்கிருந்த பெண்.

"யாரும்மா அந்த டைரக்டர்?"

"நீங்கதான்லா ஆன்டி."

பற்றிக்கொண்டு வந்தது. நிறுவனத்தின் கோப்பை வாங்கிப் புரட்டினேன். வருடந்தோறும் இயக்குநர் கூட்டம் நடந்திருக்கிறது. நான் கணக்கை முன்மொழிந்திருக்கிறேன், கொழுந்தன் வழிமொழிந்திருக்கிறார். ஒரு கூட்டத்தின் தேதியில் கண் நின்றுவிட்டது. காலை பத்து மணி, இருவரும் வருகை. அன்று பத்து மணிக்கு என் கணவரின் உடல் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. கொழுந்தன் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அங்கிருந்தே போன் போட்டேன்.

"அதெல்லாம் ஃபார்மட் அண்ணி. தேதிய அவங்களே போட்டுடுவாங்க. அத மட்டும் வரி ஆபீஸ்ல காட்டிடாதீங்க, குடும்ப மானம் போயிடும்."

அண்ணன் செத்த நாளில் கூட்டம் நடத்தியவருக்கு மானம் வேறு! போனை வைத்துவிட்டு அந்தக் கூட்டத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் வரி அலுவலகத்தில் அந்தத் தாளையும் கணவரின் இறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்தேன். பெயருக்கு இருந்தவள் நான், எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்றேன். மலாய்க்கார அதிகாரி இரண்டையும் நிதானமாகப் படித்தார். அப்புறம், கீழே இருக்கும் கையெழுத்து உங்களுடையதுதானா என்று கேட்டார்.

என்னுடையதுதான். என் கணவர் இறந்த தேதி அதே தாளில் அச்சாகி இருந்திருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் போட்டிருக்கிறேன்.