வேல்ஸுக்கு எதுக்குப் போறன்?

இத்தாலியிலை, பலெர்மோ ஏர்போட்டிலை இருந்துதான் எழுதுறன்.

வேல்ஸிலை, மலைகளுக்கு நடுவிலை ஒரு சின்ன டவுனிலை அண்ணா இருக்கிறார். இந்தக் கிழமை அங்கை திருவிழா. பழைய நிலக்கரிச் சுரங்கம் பாக்கலாம், மலை ஏறலாம் எண்டு கூப்பிட்டவர். விசா எடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாஸ்போட் பாக்கிற பொலிஸ்காரன் கேட்டான், "எதுக்குப் போறீங்கள், சிஞ்ஞோரா?"

வாய் தானாச் சொல்லிப்போட்டுது. "வேலைக்கு."

பதினாறு வருசமா, இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோருக்குப் போய்ச் சொல்லிப் பழகின ஒரே பதில். கையிலை இருக்கிறதோ வேலை செய்யேலாத விசிட் விசா!

அவன் விசாவைப் பாத்தான், என்னைப் பாத்தான். "என்ன வேலை?"

திருப்பி அனுப்பப்போறான் எண்டே நினைச்சன்.

என்னோடை வந்த மகள்தான் பாய்ஞ்சு சொன்னாள், "இல்லை, லீவிலை போறம்! மலை ஏற அம்மா கபோச் சந்தையிலை வாங்கின சப்பாத்தைப் பாருங்கோ. அவவுக்கு லீவு பழக்கமில்லை."

சிரிச்சுக்கொண்டு பாஸ்போட்டைத் தந்தான்.

ஆனா அங்கை இறங்கினாலும் கேப்பினம். மகள் பொலிஸ் மாதிரி நிண்டு கேட்டுப் பழக்கிறாள். எனக்கு இன்னும் "வேலைக்கு" எண்டுதான் வருது.

லீவிலை போய்ப் பழகின ஆக்கள் ஆரும் இருந்தால், தடுமாறாமல் எப்பிடிச் சொல்லுறதெண்டு கெதியாச் சொல்லுங்கோ. பிளேனுக்குக் கூப்பிடுறாங்கள்.