மைதானத்தில் மிச்சமிருந்தவள்

டிவியில் ஓட்டப்பந்தயம் முடிந்தது. நம் நாட்டுப் பெண் கடைசியாக வந்தாள்.

"இத்தனை கோடி பேர்ல ஒருத்தர் கூடவா இல்ல?" என்றார் கணவர்.

எனக்கு நெய்வேலியில் எங்கள் பிளாக் மைதானம் நினைவுக்கு வந்தது. சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் ஓடுவோம். முழங்கால் வரைக்கும் செம்மண் அப்பியிருக்கும். பத்தாம் வகுப்பு வந்ததும் ஒவ்வொருவராக டியூஷனுக்குப் போய்விட்டார்கள். மாவட்டப் போட்டியில் ஜெயித்திருந்த நான் மட்டும் அந்தப் பெரிய மைதானத்தைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பி.டி. சாரிடம் கேட்டேன். "மாவட்டத்துல ஜெயிச்சாச்சு. அடுத்து எங்க சார் போகணும்?"

அவருக்கும் தெரியவில்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "இருட்டுதும்மா, வூட்டுக்குப் போ" என்றார்.

போனேன். மறுநாள் நானும் டியூஷனில் சேர்ந்தேன்.