ஜன்னல் வழியாக வந்த விரல்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் எனக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. லாரி வந்து நிற்கும், டிரைவர் கன்டெய்னர் நம்பரைக் கத்துவார், நான் கம்ப்யூட்டரில் அடித்து கேட் பாஸ் எடுத்து நீட்டுவேன். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து இடது கை செயலிழந்த பிறகும், ஒற்றைக் கையால் நம்பரை வேகமாகவே அடித்தேன். சிக்கல் கடைசியில்தான். பாஸ் அச்சாக வேண்டுமென்றால் கன்ட்ரோலையும் எஃப் பன்னிரண்டையும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒன்று கீபோர்டின் இடது கீழ் மூலையில், மற்றது வலது மேல் கோடியில். வலதுபக்கத்துக் கன்ட்ரோல் என்றைக்கோ செத்துப்போயிருந்தது.

டிரைவர்கள் நல்லவர்கள். அதுதான் கொடுமை. நான் கன்ட்ரோலை அழுத்தியதும், "நான் தட்றேன் யக்கா" என்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கிரீஸ் படிந்த விரலால் எஃப் பன்னிரண்டைத் தட்டிவிடுவார்கள். நாளடைவில் அது யார்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு பாஸுக்கும் நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்தது. உதவி செய்கிறவர்கள் மீது வரும் கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சூப்பர்வைசரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இன்னாமா இது, டிரைவருங்கல்லாம் கம்ப்யூட்டர்ல கை வெச்சிகினு கீறாங்க! திங்கக்கெழமலேந்து நீ உள் ரூம்ல போன் எடு. ஜன்னலுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

உள்ளறையில் அந்தப் போன் அடிப்பதே அபூர்வம். என்னை ஓரங்கட்டுகிறார் என்று புரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் தேடினேன். சாவிகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும் என்கிற வசதி கம்ப்யூட்டரிலேயே உண்டாம். இத்தனை நாள் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் பக்கத்தையே மறைத்து வைத்திருந்தார்கள். மிச்சமிருந்தது கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைதான். அதில் மாற்றிப் பார்க்கட்டுமா என்று போய்க் கேட்டேன்.

"இன்னா வேணா பண்ணிக்கோ. கெட்டுப்போனா நீதான் பொறுப்பு" என்றார் சூப்பர்வைசர்.

போனைப் பார்த்துப் பார்த்து அந்த நீளமான வரியை அடித்தேன். முழுக்கச் சின்ன எழுத்து, புள்ளி, சின்னக் கோடு. ஷிஃப்டே தேவைப்படவில்லை, எனக்காகவே எழுதி வைத்தது மாதிரி. கடைசியில் 'ட்ரூ' என்று முடித்து என்டர் தட்டினேன். பிறகு கன்ட்ரோலைத் தட்டி விரலை எடுத்தேன். அப்புறம் எஃப் பன்னிரண்டு. பிரின்டர் உறுமியது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சூப்பர்வைசரை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதல் லாரி. கன்ட்ரோலில் விரல் வைத்தேனோ இல்லையோ, பழக்க தோஷத்தில் டிரைவரின் கை உள்ளே வந்து எஃப் பன்னிரண்டைத் தட்டிவிட்டது. பாஸ் வந்தது. அடுத்த லாரிக்கு நானே ஒவ்வொன்றாகத் தட்டினேன். வரவில்லை. மறுபடியும் தட்டினேன். ஊஹூம்.

"சொன்னேன்ல" என்று சூப்பர்வைசர் போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு, போனில் அந்த வசதியைப் பற்றிய பக்கத்தை மறுபடி படித்தேன். அடியில் ஒரு வரி இருந்தது. இரண்டு சாவிகள் ஒரே சமயத்தில் அழுந்தினால் இந்த வசதி தானாகவே அணைந்துவிடும். அடப்பாவி! என் கையோடு டிரைவரின் கையும் சேர்ந்ததில், இரண்டு கையும் நன்றாக இருக்கிற யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிட்டது. அப்படி அணையாமல் தடுக்கவும் தனியாக ஒரு கட்டளை இருந்தது. வசதியை மறுபடி போட்டுவிட்டு, இந்த இரண்டாவது கட்டளையின் கடைசியில், தானாக அணையக் கூடாது என்பதற்கு, 'ஃபால்ஸ்' என்று அடித்தேன். என்டரைக் கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

சாயங்காலம் டோல்கேட் நெரிசல் விட்டதும் லாரிகள் மொத்தமாக வந்து நின்றன. ஹாரன் சத்தத்துக்கு சூப்பர்வைசரே எழுந்து வந்தார். முதல் டிரைவர் வழக்கம்போல உள்ளே கையை விட்டுத் தட்டினார். பாஸ் வந்தது. தட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த லாரிக்கு நான் கன்ட்ரோலைத் தட்டினேன், விரலை எடுத்தேன், எஃப் பன்னிரண்டைத் தட்டினேன். வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பிரின்டரையே பார்த்தார். "சரி, போன் எடுக்க வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று முனகிவிட்டு நகர்ந்தார்.

அதற்குள் இன்னொரு கிரீஸ் விரல் ஜன்னல் வழியாக நீண்டது. "தட்டவா யக்கா?"

"வேணா நைனா, கைய வெளிய எடு" என்றேன். "பாஸ வாங்க நீட்டு, போதும்."